நோயே இல்லாதவருக்கு ஆபரேஷன்! கிட்னி எடுக்க வந்தது நாலு கை எந்திரம்

வெட்டு சின்னதாகிவிட்டது, கொடுப்பது சின்னதாகவில்லை

ஆபரேஷன் தியேட்டர் மேஜையில் ஒருவர் மயக்கத்தில் படுத்திருக்கிறார். அவருக்கு சர்க்கரை இல்லை. இருதயக் கோளாறு இல்லை. காய்ச்சல், தலைவலி கூடக் கிடையாது.

ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று ஒன்றுக்குப் பத்து சோதனை செய்து, "இவர் நல்ல ஆரோக்கியமான ஆள்" என்று தெரிந்த பிறகுதான் அவரை மேஜையில் ஏற்றியிருக்கிறார்கள்.

அவர்தான் கிட்னி கொடுப்பவர்!

வாங்கிக்கொள்பவர் பக்கத்து தியேட்டரில் இருக்கிறார். கூடப்பிறந்த அண்ணனாக இருக்கலாம். பெற்ற பிள்ளையாக இருக்கலாம். கட்டிய கணவனாகவும் இருக்கலாம்.

சரி, டாக்டர் எங்கே?

அவர் மேஜை பக்கத்திலேயே இல்லை. சில அடி தள்ளி, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த மாதிரி ஒரு பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கண் இரண்டும் பெட்டிக்குள். கை இரண்டும் பிடியில். கால் இரண்டும் பெடலில்.

கத்தியும் கத்தரியும் அவர் கையில் இல்லை. மேஜைக்கு மேலே கிளை விரித்து நிற்கும் ஒரு எந்திரத்தின் கைகளில் இருக்கின்றன. மொத்தம் நாலு கை!

இதுதான் 'ரோபோ' ஆபரேஷன். உயிரோடு இருப்பவரிடம் இருந்து ஒரு கிட்னியை எடுக்க, நம் நாட்டின் பெரிய நகரங்களிலும் சில ஆஸ்பத்திரிகளில் இந்த எந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

"ரோபோ வந்துவிட்டது, இனி கவலை இல்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மையில் எந்தக் கவலை தீர்ந்தது? எந்தக் கவலை தீரவில்லை? வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

போலீசில் கைரேகை

முதலில் பழைய கதை.

1954-ம் ஆண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ரிச்சர்டு ஹெரிக் என்ற 23 வயது வாலிபருக்கு இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டன. அவருடைய இரட்டைச் சகோதரர் ரொனால்டு, "என் கிட்னி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முன்வந்தார்.

அந்தக் காலத்தில் ஒருவர் உறுப்பை இன்னொருவர் உடம்பு ஏற்காது. ஒரே கருவில் பிறந்த இரட்டையர் என்றால் மட்டும் ஏற்கும். இருவரும் அப்படிப்பட்டவர்கள்தானா என்று டாக்டர்களுக்கு சந்தேகம்.

என்ன செய்தார்கள் தெரியுமா? தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். அதோடு விடாமல், இருவரையும் போலீஸ் நிலையத்துக்கு அனுப்பி கைரேகை எடுத்தார்கள்! அங்கே செய்தி சேகரிக்க வந்த நிருபர்கள் மூலம்தான் விஷயம் வெளியே கசிந்தது.

டிசம்பர் 23-ந்தேதி பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. உயிரோடு இருப்பவரின் கிட்னியைப் பொருத்தி வெற்றி கண்ட முதல் ஆபரேஷன் அதுதான்.

ரிச்சர்டு பிழைத்தார். தன்னைக் கவனித்துக்கொண்ட நர்சையே கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு குழந்தைக்குத் தகப்பன் ஆகி, மேலும் 8 ஆண்டு வாழ்ந்தார்.

கொடுத்த ரொனால்டு ஒரே கிட்னியோடு 56 ஆண்டு வாழ்ந்து, 2010-ம் ஆண்டு 79 வயதில்தான் இறந்தார்.

மறந்துபோன டாக்டர்

கிட்னியைப் பொருத்திய டாக்டர் ஜோசப் முர்ரே 1990-ம் ஆண்டு நோபல் பரிசு வாங்கினார். உலகம் பூராவும் பெயர்.

ரொனால்டிடம் இருந்து கிட்னியை எடுத்த டாக்டர் யார்? ஹார்ட்வெல் ஹாரிசன் என்பவர். இந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நியாயமாகப் பார்த்தால் பெரிய பயம் அவருக்குத்தான் இருந்திருக்க வேண்டும். ரிச்சர்டு ஏற்கனவே சாவின் வாசலில் இருந்தவர். ரொனால்டு நடந்து வந்தவர். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன பதில் சொல்வது?

எந்த ஆபரேஷனும் படுத்திருப்பவரின் நோயைத் தீர்க்கத்தான் செய்யப்படுகிறது. கிட்னி எடுக்கும் ஆபரேஷன் மட்டும் அப்படி இல்லை. படுத்திருப்பவர் உடம்புக்கு அதனால் காலணா லாபம் கிடையாது. நஷ்டம் மட்டும்தான். அந்த நஷ்டத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் இந்த 70 ஆண்டு கதை.

விலா எலும்பு

நம் நாட்டில் உயிரோடு இருப்பவரிடம் கிட்னி எடுத்துப் பொருத்தி வெற்றி கண்டது 1971-ம் ஆண்டு. இடம், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி.

அந்தக் காலத்து ஆபரேஷன் பெரிய வெட்டு. கிட்னி முதுகுப் பக்கம், விலா எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் உறுப்பு. அதை எட்ட இடுப்பின் பக்கவாட்டில் ஒரு சாணுக்கு மேல் கீற வேண்டும். தசைகளை அறுக்க வேண்டும். சில சமயம் கடைசி விலா எலும்பில் ஒரு துண்டையும் எடுக்க வேண்டும்.

கொடுத்தவர் பல வாரம் நிமிர முடியாமல் நடப்பார். இருமினால் உயிர் போய் உயிர் வரும். வாங்கியவர் எழுந்து நடமாடுவார். கொடுத்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

1995-ம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இதற்கு ஒரு வழி பிறந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேவியூ ஆஸ்பத்திரியில் ராட்னர், கவூசி என்ற இரண்டு டாக்டர்கள், வயிற்றில் சிறு துளைகள் போட்டு, அதன் வழியாக கேமராவும் நீண்ட கருவிகளும் விட்டு கிட்னியை எடுத்தார்கள். 'லேப்ராஸ்கோப்பி' என்று சொல்கிறார்களே, அதுதான்.

வலி குறைந்தது. ஆஸ்பத்திரி நாள் குறைந்தது. கிட்னி கொடுக்க முன்வருபவர்களின் எண்ணிக்கையும் கூடியது.

ஆனால் டாக்டருக்குத்தான் கஷ்டம். கருவி, நீளமான குச்சி மாதிரி வளையாமல் இருக்கும். மணிக்கட்டைத் திருப்ப முடியாது. தட்டையான டி.வி. படத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும்.

நாலு கை

இந்த இடத்தில்தான் ரோபோ வருகிறது.

'டாவின்சி' என்ற எந்திரத்துக்கு அமெரிக்க அரசு 2000-ம் ஆண்டு அனுமதி கொடுத்தது. 'மோனாலிசா' ஓவியம் வரைந்த லியனார்டோ டாவின்சியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டிலேயே சிகாகோவில் உள்ள இல்லினாய்ஸ் பல்கலைக்கழக டாக்டர்கள், சாண்டியாகோ ஹோர்கன் என்பவர் தலைமையில், அதை வைத்து கிட்னி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ரோபோ என்றதும் சினிமாவில் வரும் இரும்பு மனிதனை நினைக்க வேண்டாம். இந்த எந்திரம் தானாக ஒரு நூலைக் கூட வெட்டாது. டாக்டர் விரலை அசைத்தால் அது அசையும். டாக்டர் நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

பிறகு என்ன லாபம்?

ஒன்று, கண். வயிற்றுக்குள் இருப்பது பத்து மடங்கு வரை பெரிதாக, ஆழம் தெரியும்படி காட்சி தரும்.

இரண்டு, கை. விரல் பருமன் கூட இல்லாத கருவி முனை, மணிக்கட்டு மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பும். டாக்டர் கையில் லேசான நடுக்கம் இருந்தாலும் எந்திரம் அதை வடிகட்டிவிடும். டாக்டர் கை நீளமாக நகர்ந்தால், உள்ளே கருவி கொஞ்சமாக நகரும்படியும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று, உடம்பு. மணிக்கணக்கில் நின்று முதுகு ஒடியாமல், உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம்.

ஒரு குறையும் உண்டு. பல எந்திரங்களில் தொட்டு உணர முடியாது. கருவி எவ்வளவு அழுத்துகிறது என்பதை கண்ணால் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். 2024-ம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற புது டாவின்சியில்தான் அழுத்தத்தைக் கைக்கு உணர்த்தும் வசதி வந்தது.

உள்ளே நடப்பது என்ன?

வயிற்றுக்குள் கரியமில வாயுவை ஏற்றி பலூன் மாதிரி உப்ப வைக்கிறார்கள். துளைகள் போட்டு எந்திரத்தின் கைகளை இணைக்கிறார்கள். மேஜை பக்கத்தில் இன்னொரு டாக்டரும் நர்சும் கருவி மாற்றிக் கொடுக்கத் தயாராக நிற்கிறார்கள்.

குடலை ஒதுக்கி, கிட்னியைச் சுற்றி உள்ள கொழுப்பைப் பிரித்து, மூன்று குழாய்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ரத்தம் கொண்டுவரும் தமனி, ரத்தம் கொண்டுபோகும் சிரை, சிறுநீர் இறங்கும் குழாய்.

பெரும்பாலும் இடது கிட்னியைத்தான் எடுப்பார்கள். அந்தப் பக்கத்துச் சிரை நீளம். வாங்குபவர் உடம்பில் தைக்க வசதி.

நல்ல கிட்னியைத் தானே கொடுப்பார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டில் ஒன்று கொஞ்சம் மட்டம் என்று தெரிந்தால், நல்லதைக் கொடுப்பவரிடமே விட்டுவிட வேண்டும். இது டாக்டர்கள் பின்பற்றும் விதி.

கடைசியில், அடிவயிற்றில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கீறல். சிசேரியன் தழும்பு விழுமே, அந்த இடம். தமனியையும் சிரையையும் அடைத்து, வெட்டி, கிட்னியை ஒரு பையில் போட்டு வெளியே எடுக்கிறார்கள். வெட்டிய நொடியில் இருந்து குளிர்ந்த திரவத்தால் கழுவும் வரை ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

ஆக, "வெறும் ஓட்டைதான், கத்தியே கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கை முஷ்டி அளவு உள்ள கிட்னி ஓட்டை வழியாக வராது!

'கிளிப்' நழுவினால்...

இந்த ஆபரேஷனில் உயிருக்கு ஆபத்தான கட்டம் எது? தமனியை அடைக்கும் கட்டம்தான்.

முன்பு சில இடங்களில் ஒருவகை பிளாஸ்டிக் 'கிளிப்' போட்டு தமனியை அடைத்தார்கள். சிலருக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு அந்தக் கிளிப் நழுவிவிட்டது. உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டியது. முழு ஆரோக்கியமாக வந்தவர்கள் பிணமாகத் திரும்பினார்கள்.

கிளிப்பைத் தயாரித்த நிறுவனமே 2006-ம் ஆண்டு, "கிட்னி கொடுப்பவரின் தமனிக்கு இதைப் போடக்கூடாது" என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் சாவு நின்றபாடில்லை. 2011-ம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மறுபடியும் எச்சரிக்கை விட்டது.

தமனிச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும் 'ஸ்டேப்ளர்' தையல் மாதிரி உறுதியான முறைதான் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. எந்திரம் எத்தனை கோடியாக இருந்தாலும், கடைசியில் ஓர் உயிர் தொங்குவது தமனியைப் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு உலோகத் தையலில்!

எது மேல்?

ரோபோ மேலா, பழைய லேப்ராஸ்கோப்பி மேலா?

குஜராத் மாநிலம் நடியாத் நகரில் உள்ள முல்ஜிபாய் பட்டேல் சிறுநீரக ஆஸ்பத்திரி டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, 2015-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். 45 கொடையாளிகள். அவர்களில் 15 பேருக்கு ரோபோ, 30 பேருக்கு லேப்ராஸ்கோப்பி.

ரோபோ பக்கம் வலி குறைவு. வலி மருந்தும் குறைவு. ஆனால் கிட்னியை வெளியே எடுக்கும் நேரம் ரோபோவில்தான் கூடுதல்.

மற்ற நாட்டு ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. இரண்டு முறையிலும் பத்திரம் ஒரே அளவு. ரோபோவில் நேரமும் செலவும் அதிகம்.

செலவு எவ்வளவு அதிகம்? சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு ஆஸ்பத்திரியில் 2022-ம் ஆண்டு திறந்த ரோபோ ஆபரேஷன் மையத்துக்கு மட்டும் 34 கோடி ரூபாய்க்கு மேல் ஆனது. தனியார் ஆஸ்பத்திரி என்றால் அந்தப் பணம் யார் பில்லில் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே, "ரோபோ இல்லாத ஆஸ்பத்திரி மட்டம்" என்று நினைத்து நகையை அடகு வைக்கத் தேவையில்லை. நூற்றுக்கணக்கில் செய்து கை பழகிய டாக்டர் லேப்ராஸ்கோப்பியில் செய்வது, நேற்று ரோபோ கற்றவர் செய்வதை விட நல்லது.

உண்மையான கணக்கு

கிட்னி கொடுப்பதில் உயிர் ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கொடையாளிகளைக் கணக்கெடுத்து, 2024-ம் ஆண்டு வெளியிட்டார்கள். 2002-ம் ஆண்டு வரை பத்தாயிரம் பேருக்கு 3 பேர், ஆபரேஷன் நடந்து 90 நாளுக்குள் இறந்தார்கள். 2013-க்குப் பிறகு அது பத்தாயிரத்துக்கு ஒருவராகக் குறைந்துவிட்டது.

நல்ல செய்திதான். பெரிய வெட்டு போய் சின்ன வெட்டு வந்ததும், ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் கூடியதும் இதற்குக் காரணங்கள்.

ஆனால் 90 நாளோடு கதை முடிகிறதா? அதுதான் இல்லை.

மீதி இருக்கும் ஒற்றைக் கிட்னி கொஞ்சம் பெரிதாகி, இரண்டு செய்த வேலையில் சுமார் 70 சதவீதத்தைச் செய்யும். அன்றாட வாழ்க்கைக்கு அது போதும். என்றாலும், பிற்காலத்தில் கிட்னி செயல் இழக்கும் வாய்ப்பு, அதே அளவு ஆரோக்கியம் உள்ள மற்றவர்களை விட அதிகம். பத்தாயிரத்துக்கு 14 பேர் என்பது, கொடையாளிகளுக்கு 90 பேர் என்று 2014-ல் ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது.

கொடுத்த பிறகு கர்ப்பம் ஆகும் பெண்களுக்கு ரத்தக்கொதிப்புத் தொல்லை கூடுதல். மற்றப் பெண்களுக்கு நூற்றுக்கு 5 என்றால் இவர்களுக்கு 11 என்று 2015-ல் கனடா நாட்டு டாக்டர்கள் கண்டார்கள்.

இந்தக் கணக்கு எதையும் ரோபோ மாற்றாது. சாண் அளவு வெட்டி எடுத்தாலும், எந்திரக் கையால் எடுத்தாலும், போனது ஒரு முழுக் கிட்னி!

கிட்னிவாக்கம்

சின்ன வெட்டில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஏழைகளிடம் ஆசை காட்டுவதற்கு இது வசதி.

சென்னைவாசிகளுக்கு இது புதிதல்ல. வில்லிவாக்கம் பகுதிக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்றே பட்டப்பெயர் இருந்தது. 1994-ல் சட்டம் வந்து விற்பனையைத் தடை செய்தது.

2001-ம் ஆண்டு சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை ஆய்வாளர்கள் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். விற்ற பிறகு முக்கால்வாசிப் பேருக்கு அப்போதும் கடன் இருந்தது! குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. 86 சதவீதம் பேர், "உடம்பு முன்போல இல்லை" என்றார்கள்.

பழைய கதை என்று தள்ள முடியுமா? 2025-ம் ஆண்டு நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைப் பயன்படுத்தி புரோக்கர்கள் கிட்னி வாங்கிய விவகாரம் வெடித்து, அரசு விசாரணை நடத்தியது.

புரோக்கர் வாயில் இனி என்ன வார்த்தை வரும் என்று ஊகிப்பது கஷ்டம் இல்லை. "ரோபோ செய்யும், நாலு நாளில் வேலைக்குப் போகலாம்" என்பான்.

மூட்டை தூக்கிப் பிழைப்பவர் நாலு முதல் ஆறு வாரம் வரை கனமான எதையும் தூக்கக்கூடாது. ரோபோ செய்தாலும் இதே விதிதான். அந்த வாரக் கூலியை யார் தருவார்? வருஷா வருஷம் பரிசோதனைக்கு யார் கூட்டிப்போவார்?

கிட்னியை விற்பது, வாங்குவது, தரகு பேசுவது எல்லாமே குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை ஜெயில். அபராதம் 20 லட்சத்தில் இருந்து ஒரு கோடி வரை.

வீட்டுக்குள்ளே...

புரோக்கர் இல்லாத இடத்திலும் வற்புறுத்தல் உண்டு.

நம் நாட்டில் உயிரோடு கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தாய் கொடுக்கிறாள், மனைவி கொடுக்கிறாள், அக்கா கொடுக்கிறாள். மனசாரக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அவர்களைக் கும்பிட வேண்டும்.

ஆனால், "சம்பாதிக்கிற ஆம்பிளையை எப்படிப் படுக்க வைக்கிறது? நீ கொடும்மா" என்று குடும்பமே சுற்றி உட்கார்ந்து சொல்லும்போது, முடியாது என்று சொல்ல எத்தனை பெண்களால் முடியும்?

இது தெரிந்துதான் 2014-ம் ஆண்டு விதிகளில், கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவர் சுயமாகச் சம்மதித்தாரா என்பதை வாங்குபவர் அல்லாத வேறு ஒருவர் மூலம் உறுதி செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

என்ன கேட்க வேண்டும்?

உங்கள் வீட்டில் யாராவது கிட்னி கொடுக்கப் போவதாக இருந்தால், எந்திரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:-

1. இந்த டாக்டர் இதுவரை எத்தனை கொடையாளிகளுக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார்? ரோபோவில் எத்தனை?

2. தமனியை எதைக் கொண்டு அடைப்பார்கள்?

3. ரத்தம் நிற்காவிட்டால் உடனே வயிற்றைத் திறந்து செய்ய ஏற்பாடு இருக்கிறதா?

4. ரோபோவுக்கு எவ்வளவு கூடுதல் செலவு? அந்தப் பணத்துக்குக் கிடைப்பது என்ன?

5. கொடுப்பவருக்கு வருடாந்தரப் பரிசோதனை யார் செய்வார்கள்? ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் மூன்றையும் ஆயுள் பூராவும் பார்க்க வேண்டும். மூட்டுவலி, தலைவலி என்று மருந்துக் கடையில் கண்ட மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது.

ஆறாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கொடுப்பவரிடம், சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும். "உனக்கு உண்மையிலேயே சம்மதமா? வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம்."

மயக்க ஊசி போடும் நிமிஷம் வரை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அமெரிக்காவில் அப்படி மனம் மாறியவரைக் காட்டிக் கொடுக்காமல், "இவர் கொடையாளியாக இருக்கத் தகுதி இல்லை" என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லி அனுப்புகிறார்கள்.

நாலு கை இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்க எந்திரத்துக்கு வாய் கிடையாது. வீட்டில் உள்ளவர்கள்தான் கேட்க வேண்டும்.